இல்லாத பிரேக்

அத்தியாயம் 6

"கையெழுத்துப் போட்டுடறேன்" என்று அக்கா சொன்னபோது ஊசியின் வாயிலிருந்த டீ உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டுக்கு வெளியே போட்டிருந்த இரும்பு பெஞ்சில் அக்காவும் தங்கை ஊசியும் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அத்தான் கிடந்தார். அக்காவின் வீட்டுக்காரர், கடைகளுக்குப் போர்டு எழுதுகிற பெயிண்டர். ஏணியில் நின்று ஒரு சுவரில் எழுதிக்கொண்டிருந்தவரை மரக்கடை முதலாளி ஒருவர் ஓட்டி வந்த கார் அடித்துத் தள்ளிவிட்டது. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. தலையிலும் அடி. கண்ணைத் திறப்பார், ஆளைப் பார்ப்பார், பேச்சு மட்டும் வராது. இந்த வாரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் ஏணி ஏறுவது இருக்கட்டும், எழுந்து நிற்பதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் பணத்தைக் கட்டினால்தான் கத்தியை எடுப்பார்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தருகிறேன் என்றது. யானைப் பசிக்குச் சோளப்பொரி போல ஒரு தொகை. அதையும் சும்மா தரவில்லை. இந்த விபத்துக்காக இனி எந்தக் காலத்திலும் எதுவும் கேட்க மாட்டேன் என்று சமரச மனுவில் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். இன்று கோர்ட் கலைவதற்குள் அது நீதிபதி மேஜைக்குப் போய்விடும். ஆபரேஷன் நடக்கும். அதற்கப்புறம் மருந்து, படுக்கையில் கிடக்கப் போகும் காலம், அடுப்பு எரிவது எல்லாம் அவரவர் சாமர்த்தியம்.

"வேற வழி இல்லடி. பாத்த ஒரே சாட்சி அவங்க பக்கம். ஏணி தானா சறுக்கிச்சாம், இவர்தான் கார் மேல வந்து விழுந்தாராம். அதுகூடப் பரவால்ல. விழுந்தவரே மன்னிப்பு கேட்டார்னு எழுதிக் குடுத்திருக்கான். தப்பு இல்லாத மனுஷன் எதுக்குடி மன்னிப்பு கேக்கறாரு?"

"அத்தான் நாற்காலில இடிச்சுக்கிட்டா நாற்காலிகிட்ட மன்னிப்பு கேக்கற ஆளு, அக்கா."

"அதை ஜட்ஜுகிட்ட சொல்லு. நாற்காலியச் சாட்சிக்குக் கூப்பிடுவாரு."

இருவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தானே. சொல்லிவிட்டு அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஊசி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். உடம்பு ஒல்லி, வாய் கூர்மை என்பதால் வந்த பெயர் அது. ஊசி முனை மழுங்கிப் போவதை அவளே அன்றுதான் பார்த்தாள்.

வராந்தாவின் கோடியில் சுவரில் சாய்ந்தபடி ஆந்தை நின்றுகொண்டிருந்தார். ஊசியின் முதலாளி. கண் இமைக்காமல் பார்ப்பதால் எதிரிகள் வைத்த பெயரை அவர் விசிட்டிங் கார்டில் போடாததுதான் பாக்கி. பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் துப்பறிந்தவர். நியாயமான கேஸை எப்படிக் குழியில் இறக்குவது என்பது அவருக்கு அத்துப்படி. ஒருநாள் பக்கம் மாறி, அடிபட்டவர்களுக்காகத் துப்பறிய ஆரம்பித்துவிட்டார். பாம்பின் கால் பாம்பறியும் என்பதால் கம்பெனிக்காரர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது.

சாட்சியின் வாக்குமூலத்தை அவர் எத்தனையாவது தடவையாகப் படிக்கிறார் என்று தெரியவில்லை. ஊசியைப் பக்கத்தில் கூப்பிட்டு ஒரு வரியை விரலால் காட்டினார்.

"'கார் இரண்டாவது கியரில் மெதுவாக வந்தது.' எதிர்ப்பக்கம் நின்னு பாத்தேங்கறான். ரோட்ல நின்னவனுக்குக் கியர் எப்படித் தெரியும்?"

"காரே கிட்ட வந்து காதுல சொல்லியிருக்கும் சார்."

"கியரைப் பத்தி யோசிக்கறவங்க ரெண்டே பேர். ஒண்ணு மெக்கானிக். இன்னொண்ணு, கியர் கம்பிக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவன். இவன் ஜெராக்ஸ் கடைன்னு போலீஸ்ல சொல்லியிருக்கான்."

ஊசி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் அவர் அக்காவிடம் போய்விட்டார். கோர்ட்டுக்குப் போங்கம்மா, ஆனால் கையெழுத்தை மட்டும் முடிந்தவரை இழுத்தடியுங்கள், பேனா எழுதவில்லை என்று சொல்லுங்கள், கண்ணாடியைக் காணோம் என்று தேடுங்கள் என்றார். கம்பெனி வக்கீல் பையில் டஜன் பேனா இருக்கும் என்றாள் அக்கா. அவள் குரலில் உயிரே இல்லை.

ஊசியும் ஆந்தையும் தேடிப் போன ஜெராக்ஸ் கடை இருந்தது நிஜம்தான். ஆனால் கடை சாட்சியின் மச்சானுடையது. சாட்சி மாடியில் குடியிருந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை ஊன்றாமல் ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். நடுத்தர வயது, மடிப்புக் கலையாத சட்டை, தூக்கம் இல்லாத கண்கள். காலுக்கு என்ன என்று ஊசி விசாரித்ததற்குப் படியில் புரண்டுவிட்டது என்றார். கேஸ் இன்று முடியப் போகிறது, நீங்கள் நின்ற இடத்தை ஒரு தடவை காட்டிவிட்டால் எங்கள் வேலை தீர்ந்தது என்று ஆந்தை சொன்னார். யார் எங்கிருந்து வந்தவர்கள் என்று அந்த மனிதர் கேட்கவே இல்லை. இன்று முடிகிறது என்ற ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

காரில் ஏறுமுன் ஆந்தை ஊசியின் காதில் சொன்னார். "நீ ஓட்டு. அவர் உன் பக்கத்துல உக்காரட்டும். உன் இஷ்டத்துக்கு ஓட்டு."

"அப்ப உயில் எழுதிட்டு ஏறுங்க."

ஊசிக்கு லைசென்ஸ் கொடுத்த அதிகாரி அன்று ஏதோ நல்ல மனசில் இருந்திருக்க வேண்டும். அவள் கார் ஓட்டினால் நாய்கள்கூடத் துரத்துவதில்லை, ஒதுங்கிக்கொள்ளும். இன்று மனசு வேறு அக்காவிடமே இருந்தது. முதல் திருப்பத்திலேயே கியர் மாற்றும்போது வண்டி கரகரவென்று கத்தியது.

"கிளட்ச்ச முழுசா மிதிங்க" என்றார் சாட்சி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஊசி கிளட்சை முழுசாக மிதித்தாள். முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. அவள் வேண்டுமென்றுதான் தாமதித்தாள் என்று பிறகு சொல்லிக்கொண்டாள். உண்மையில் பயத்தில்தான் தாமதித்தாள். லாரியின் பின்பக்கம் கண்ணாடி முழுக்க நிறைந்த அந்த நொடியில் சாட்சியின் வலது கால் எழும்பி, எதிரே வெறும் தரையை ஓங்கி மிதித்தது. வண்டி நின்றது. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். நெற்றியெல்லாம் வியர்வை.

பின்சீட்டிலிருந்து ஆந்தையின் தலை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே வந்திருந்தது. அவர் லாரியைப் பார்க்கவில்லை. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசிக்கும் புரிந்துவிட்டது. அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் ஞாபகம் வந்தது. டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அவள் தப்புத் தப்பாக ஓட்டும்போதெல்லாம் அந்த மனிதர் கால்தான் உலகத்தைக் காப்பாற்றியது. அந்தப் பழக்கம் ஒருமுறை காலில் ஏறிவிட்டால் இறங்காது. பஸ்ஸில் போனாலும் மிதிப்பார்கள்.

விபத்து நடந்த தெரு மதிய வெயிலில் ஓய்ந்து கிடந்தது. ஒரு கட்டடத்தின் பக்கச் சுவரில் பாதி எழுதிய விளம்பரம் இருந்தது. எழுத்துகளுக்கு வெள்ளையில் கோடு இழுத்து, உள்ளே நீலம் அடிக்க ஆரம்பித்து, நடுவில் நின்று போயிருந்தது. கீழே நடைபாதையிலிருந்து ரோடு வரைக்கும் அதே நீலம் கொட்டிக் காய்ந்து கிடந்தது. அத்தானின் கையெழுத்தை எங்கே பார்த்தாலும் ஊசிக்கு அடையாளம் தெரியும். அவள் ஸ்கூல் நோட்டு அட்டையிலெல்லாம் பேர் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். ஒரு எழுத்து சரியாக வராவிட்டால், அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அழித்து எழுதுவார்.

அவள் சாட்சியின் பக்கம் திரும்பினாள். "டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்தானே நீங்க? எதிர்ப்பக்கம் எங்கயும் நிக்கல. கார்லதான் இருந்தீங்க. மரக்கடை முதலாளி பொண்ணு ஓட்டிச்சு, நீங்க கத்துக்குடுத்தீங்க. பொண்ணக் காப்பாத்தறதுக்காக அவரே ஓட்டினேங்கறாரு. சரியா?"

துப்பறிகிறவர்கள் இப்படிச் சொல்லும்போது எதிராளி நிலைகுலைந்து நாற்காலியில் விழ வேண்டும். இவர் பரிதாபமாகத் தலையை ஆட்டினார்.

"அந்தப் பொண்ணு நல்லா ஓட்டும்மா. ஓட்டத் தெரியாதது முதலாளிக்குத்தான்."

ஊசி வாயைத் திறந்தபடி நின்றாள். ஆந்தை மட்டும் மெல்லத் தலையை அசைத்தார்.

மாஸ்டர் கீழே கிடந்த நீலக் கறையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முதலாளிக்கு எந்தக் காலத்திலும் டிரைவர் உண்டு. லைசென்ஸ் எப்போதோ வீடு தேடி வந்தது. ஸ்டியரிங்கை அவர் தொட்டதே இல்லை. டிரைவர் வேலையை விட்டுப் போன பிறகு ரகசியமாகக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். ஊரெல்லாம் தான் ஓட்டிய கதைகளை அளந்து வைத்தவர், தலையில் போர்டு வைத்த ஸ்கூல் காரில் எப்படி உட்காருவார்?

"என் வண்டில வாங்கன்னு கெஞ்சினேன் சார். அதுல எனக்கும் ஒரு பிரேக் இருக்கும். நாலு பேர் பாத்தா மானம் போயிடும்னு அவர் வண்டியையே எடுத்தாரு. இந்தத் திருப்பத்துல பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சுட்டாரு. நானும் மிதிச்சேன். என் பலமெல்லாம் சேத்து மிதிச்சேன். அங்க பிரேக் இல்ல."

அவர் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

"ஹேண்ட் பிரேக் இந்தக் கைக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. கை போகல. கால்தான் போச்சு. ஏணி அசையக்கூட இல்ல சார். நாங்கதான் போய் இடிச்சோம்."

ஸ்கூல் நடப்பது முதலாளியின் இடத்தில். ரகசியமாக வகுப்பு எடுத்தது தெரிந்தால் ஸ்கூல் லைசென்ஸும் போய்விடும். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். ஏணி சறுக்கியது என்று சொல் என்றார் முதலாளி, இவரும் சொன்னார். கோர்ட்டில் வந்து மாற்றிச் சொல்ல முடியுமா என்று ஆந்தை கேட்டார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

கிண்டலும் கேலியும் எங்கே போயினவோ, ஊசிக்கு அழுகைதான் வந்தது.

"உங்க பொண்ணுங்க ஸ்கூலுக்குப் போகணும்னா எங்க அத்தான் படுத்தே கெடக்கணும். அதானே கணக்கு? சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவர் மன்னிப்பு கேட்டார்னு எழுதிக் குடுத்தீங்களே, அதாவது பொய்யா?"

"பொய் இல்லம்மா." மாஸ்டர் நிமிர்ந்தார். "கேட்டாரு. நான்தான் அவரத் தூக்கினேன். அதுதான் என்னைத் தூங்க விட மாட்டேங்குது."

எதற்காக என்று ஆந்தை கேட்க வாயெடுத்தபோது ஊசியின் செல்போன் அடித்தது. அக்கா.

"கேஸக் கூப்பிடப் போறாங்கடி. எவ்வளவு நேரம்தான் கண்ணாடியத் தேடறது? போட்டுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். ஊசி போனைக் கையில் பிடித்தபடி அந்த நீலக் கறையின் ஓரத்திலேயே குந்திவிட்டாள். தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டது, இனி சாண் என்ன முழம் என்ன என்று தோன்றியது.

"எந்திரி" என்றார் ஆந்தை. "போட்டது காகிதத்துலதான். ஜட்ஜ் உங்க அக்காவக் கூப்பிட்டு, சம்மதமான்னு கேட்டுப் பதிவு பண்ற வரைக்கும் அது வெறும் காகிதம். அந்தக் கேள்விக்கு முன்னாடி நாம அங்க இருக்கணும்."

"நாம போய் என்ன சார் பண்றது? சாட்சி இங்கதானே நிக்கறாரு."

மாஸ்டர் சுவரைப் பார்த்தார். பாதியில் நின்ற எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஊசியிடம் கையை நீட்டினார்.

"சாவியக் குடும்மா. நீ ஓட்டினா ஜட்ஜ் ரிட்டையர் ஆனப்புறம்தான் போய்ச் சேருவோம்."

அவர் ஓட்டியது ஓட்டம். வலிக்கிற காலோடு, ஒரு குலுக்கல் இல்லாமல், சந்துகளில் புகுந்து புறப்பட்டார். பக்கத்தில் ஊசி உட்கார்ந்திருந்தாள். கோர்ட் தெருவின் முனையில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. அவள் கால் தன்னால் எழும்பி எதிரே தரையை மிதித்தது. அங்கே ஒன்றும் இல்லை. மிதிக்க மிதிக்க ஒன்றும் இல்லை. மாஸ்டர் பிரேக் போட்டு வண்டியை நிறுத்திவிட்டு அவள் காலைப் பார்த்தார். அந்த மனிதர் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்தில் அவளிடமிருந்து கழன்று விழுந்தது.

கோர்ட் மாடிப்படிகளில் ஊசி முதலில் ஓடினாள். மாஸ்டர் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தார். அவரைத் தாங்கிப் பிடித்தபடி ஆந்தை ஏதோ கேட்பதும் அவர் சொல்வதும் காதில் விழுந்தன. என்ன என்று கேட்க அவளுக்கு நேரமில்லை.

உள்ளே நீதிபதி அக்காவைப் பார்த்து, படித்துப் பார்த்துச் சம்மதத்தோடுதான் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா தலையைக் குனிந்து நின்றாள். அவளுடைய வக்கீலும் வேறு வழி இல்லை என்ற முகத்தோடு பக்கத்தில் நின்றார்.

"சம்மதம் இல்லீங்க" என்றாள் ஊசி, வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டே.

"நீங்க யாரு?"

"தங்கச்சிங்க."

கையெழுத்துப் போட்டது அக்கா, வாய் மட்டும் தங்கையா என்று கம்பெனி வக்கீல் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் மாஸ்டர் உள்ளே வந்து, சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டார். ரகசிய வகுப்பு, தப்பாக மிதித்த முதலாளி, அசையாத ஏணி எல்லாவற்றையும் சொன்னார். பொய்ச் சாட்சிக்கு என்ன கிடைக்கும் தெரியுமா என்று நீதிபதி கேட்டார். தெரியும் என்றார்.

கம்பெனி வக்கீல் பழம் தின்று கொட்டை போட்டவர். பதறவில்லை.

"இன்னைக்கு ஒண்ணு சொல்றவர் நாளைக்கு வேற சொல்வாரு. அது கிடக்கட்டும். அடிபட்டவர் அந்த இடத்துல மன்னிப்பு கேட்டாரா இல்லையா? ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

மாஸ்டர் அக்காவைப் பார்த்தார். "கேட்டாருங்க."

வக்கீல் நீதிபதியின் பக்கம் கையை விரித்துக் காட்டினார். இதற்காகவா ஓடி வந்தோம் என்றிருந்தது ஊசிக்கு. அப்போது பின்வரிசையிலிருந்து ஆந்தை எழுந்தார்.

"எதுக்குன்னும் கேட்டுடுங்க ஐயா."

நீதிபதி மாஸ்டரைப் பார்த்தார். "எதுக்கு மன்னிப்பு கேட்டாரு?"

"பெயிண்டுக்குங்க." மாஸ்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். "டப்பா சரிஞ்சு முதலாளி கார் மேல நீலமாக் கொட்டிருச்சு. இவர் சக்கரத்துக்கிட்டக் கெடக்கறாரு, இடுப்புக்குக் கீழ அசைவே இல்ல. நான் தலையத் தூக்கி மடில வச்சேன். கண்ணத் தொறந்து காரப் பாத்தாரு. 'மன்னிச்சிடுங்க, வண்டி கறையாயிடுச்சு. காயறதுக்குள்ள துணி நனைச்சுத் துடைச்சிருங்க, போயிடும்'னாரு. அதுக்கப்புறம் பேசலீங்க."

கம்பெனி வக்கீல் ஃபைலுக்குள் எதையோ தேடினார். அக்கா சத்தமில்லாமல் அழுதாள். இத்தனை நாள் அழுத அழுகை வேறு, இது வேறு என்று ஊசிக்குத் தெரிந்தது. தன் புருஷன்மேல் தானே சந்தேகப்பட்டுவிட்டதற்கான அழுகை இது.

சமரசத்தைப் பதிவு செய்ய முடியாது என்றார் நீதிபதி. வழக்கு முழுசாக நடக்கும். கம்பெனியும் கார் முதலாளியும் யார் கட்டுவது என்று பிறகு சண்டை போட்டுக்கொள்ளட்டும், ஆபரேஷன் செலவைக் கம்பெனி நாளைக்கே ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். மனுவை அக்காவிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அக்கா அதை வாங்கிக்கொண்டு, கோர்ட் நேரத்தை வீணாக்கிவிட்டோமே என்ற பயத்தில் நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஐயா, என்னை மன்னி..."

ஊசி பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்தினாள்.